செட்டியார் பொம்மையும் டாட் நம்பரும்

எடிசனில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு டெக்சஸில் ஃப்ரிஸ்கோவுக்குக் குடிபோனோம். சாலை வழியாக 1,500 மைலுக்கு மேல். சோபா, கட்டில் எல்லாம் போனால் போகட்டும், வெட் கிரைண்டரும் அம்மா கும்பகோணத்திலிருந்து வைக்கோல் சுற்றி அனுப்பிய கொலு பொம்மைகளும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் மனைவி போட்ட ஒரே நிபந்தனை.

இணையத்தில் இரண்டு மூன்று இடத்தில் விவரம் பதிந்தேன். பத்தாவது நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லை. ஒருவர் மட்டும் மற்றவர்கள் சொன்னதில் பாதி விலை சொன்னார். வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை, வீடியோவில்கூடக் காட்டச் சொல்லவில்லை. எத்தனை பெட்டி இருக்கும் என்று கேட்டார், குத்துமதிப்பாக ஒரு எண்ணிக்கை சொன்னேன், தொகை வந்துவிட்டது. இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த விலை என்றார். பர்ஸைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது வேறு ஏதோ விஷயமாகப் போன் செய்தார் ஒரு அண்ணன். சரக்கு லாரிக் கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை பார்ப்பவர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும், "தம்பி, டாட் நம்பர் வாங்கிப் பாத்தீங்களா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் மாநிலம் தாண்டி வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனி எதுவானாலும் மத்திய போக்குவரத்துத் துறையில் பதிந்து யூஎஸ்டாட் எண் வாங்கியிருக்க வேண்டும். இதைக் கவனிப்பது எஃப்எம்சிஎஸ்ஏ என்ற அமைப்பு. அவர்களுடைய 'சேஃபர்' தளத்தில் எண்ணைப் போட்டால் கம்பெனியின் ஜாதகம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். காசு கிடையாது, லாகின் கிடையாது. பெயரைப் போட்டும் தேடலாம், ஆனால் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலில் பத்துப் பதினைந்து பெயர் வந்து நிற்கும். எண்ணைக் கேட்டு வாங்கிவிடுவதுதான் நல்லது.

பாதி விலைக்காரரின் எண்ணைப் போட்டேன். நிறுவன வகை என்ற இடத்தில் 'புரோக்கர்' என்று இருந்தது. லாரி எண்ணிக்கை பூஜ்யம், டிரைவர் பூஜ்யம். போனில் "எங்கள் லாரி, எங்கள் ஆட்கள்" என்று வாய் நிறையச் சொன்னவர்! புரோக்கராக இருப்பது தப்பில்லை. 75,000 டாலருக்குப் பிணை வைத்து, முறைப்படி பதிந்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தான் புரோக்கர் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். திரும்பக் கூப்பிட்டு, யாருடைய லாரி வரும் என்று கேட்டேன். ஏற்றுவதற்கு முந்தின நாள் தெரியும் என்றார். சரி என்று போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது கம்பெனி உண்மையிலேயே லாரி வைத்திருந்தது, மொத்தம் இரண்டு. ஆனால் பதிவுப் படிவத்தைக் கடைசியாகப் புதுப்பித்த தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கீழேதான் நான் அதிக நேரம் நின்றேன். கடந்த 24 மாதத்தில் வழியில் நிறுத்தி நடத்திய சோதனைகளின் கணக்கு அங்கே இருக்கும். இவர்களுடைய வண்டியை ஐந்து முறை சோதித்து, மூன்று முறை "இதற்கு மேல் ஓட்டாதே" என்று அங்கேயே ஓரங்கட்டியிருக்கிறார்கள். அதாவது 60 சதவீதம். தேசிய சராசரி பக்கத்திலேயே இருக்கும், சுமார் 22. வெறும் ஐந்து சோதனையை வைத்து ஒரு கம்பெனியை முடிவு கட்டலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "முடிவு கட்ட வேண்டாம், வேற ஆளப் பாருங்க" என்றார்.

மூன்றாவதில் நாற்பது சொச்சம் லாரி, 38 வண்டிச் சோதனை, அதில் ஓரங்கட்டியது ஆறு. வீட்டுச் சாமான் ஏற்ற அனுமதி உண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தது. சிலருக்குப் பொதுச் சரக்கு ஏற்ற மட்டும் அனுமதி இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். இரண்டு விபத்து பதிவாகியிருந்ததைப் பார்த்து முதலில் பயந்தேன். ஆனால் யார் மேல் தப்பு என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பின்னால் வந்த கார் இடித்து, ஒரு வண்டியைக் கட்டி இழுத்துப் போயிருந்தாலும் அது பதிவாகிவிடும். பாதுகாப்பு மதிப்பீடு என்ற கட்டம் காலியாக இருந்தது. அதற்கும் பதற வேண்டாம், பெரும்பாலான கம்பெனிகளுக்கு அந்த மதிப்பீடு நடந்தே இருக்காது.

இன்ஷூரன்ஸ் விவரத்தைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். விபத்துப் பொறுப்புக்கு 7,50,000 டாலர், ஏற்றும் சாமானுக்கு லாரிக்கு 5,000 டாலர் என்பது குறைந்தபட்சம். இரண்டும் நடப்பில் இருந்தன.

இந்தக் கம்பெனிக்காரர் வீடியோவில் அறை அறையாகக் காட்டச் சொல்லிக் கணக்கெடுத்தார். கிரைண்டரைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். மாவரைக்கும் கல் என்று விளக்கியதும் தனியாகக் குறித்துக்கொண்டார். எழுத்தில் வந்த கட்டண மதிப்பீடு தோராயமானதுதான். ஆனால் இறக்கும்போது அதில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்துவைக்க முடியாது. மீதி இருந்தால் பிறகு பில் அனுப்பலாம்.

கையெழுத்துப் போடும் இடத்தில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. கூடுதல் பணம் வாங்காமல் அவர்கள் ஏற்கும் பொறுப்பு பவுண்டுக்கு 60 சென்ட். நம் கிரைண்டர் 30 பவுண்டு என்றால் உடைந்தால் 18 டாலர். இரண்டு பவுண்டு தசாவதார பொம்மைக்கு ஒரு டாலர் இருபது சென்ட்! முழு மதிப்புப் பாதுகாப்புக்குத் தனியே பணம் கட்டினோம். அது வேண்டுமா என்று என்னைக் கேட்கவே மனைவி விடவில்லை.

ஏற்றும் நாள் காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. லாரியின் இரு பக்கமும் கம்பெனிப் பெயரும் டாட் எண்ணும் 50 அடி தள்ளி நின்று படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நான் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப்போய், சீட்டைக் கையில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். டிரைவர் காபிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "லைசென்சும் காட்டவா?" என்று சிரித்தார்.

ஒன்பதாம் நாள் ஃப்ரிஸ்கோவில் இறக்கினார்கள். கிரைண்டர் ஓடுகிறது. கொலுப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்ததும் செட்டியாரின் வலது கை தனியாகக் கிடந்தது. ஒன்பது மாதத்துக்குள் கிளெய்ம் போடலாம். ஆனால் அந்தப் பெட்டியைக் கட்டியது நான். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததை அவர்கள் தலையில் கட்டுவது கஷ்டம், தவிர டேப் ஒட்டியதில் எனக்கே சந்தேகம். ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன். இந்த வருஷம் செட்டியார் அந்தப் பக்கம் பருப்பு மூட்டையை அணைத்தபடி நிற்கிறார்.