பார்லி அவல்: கொழகொழப்பை என்ன செய்வது?

‘அவல்’ என்று பேர் வைத்ததுதான் வினை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஒரு பாக்கெட் வாங்கி வந்து, அரிசி அவலைப் போலவே அலசித் தாளிப்பில் கொட்டிக் கிளறினால் மேலே கொழகொழ, நடுவில் நறுக்நறுக்.

அரிசி அவல் மெலிசு, நனைந்தாலே சாப்பிடலாம். பார்லி அவல் அப்படியில்லை. ஆவி காட்டி உருளையில் நசுக்கிய தடித்த தானியம், அரை வேக்காடுதான். போதாததற்கு அதில் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நிறைய. தண்ணீர் பட்டதும் ஊறிப் பசையாகிறது. கெட்ட கொழுப்பைக் குறைப்பதும், சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்ப்பதும் இந்தப் பசைதான். அதனால் அதைக் கழுவித் தள்ளக் கூடாது, அடக்கி வைக்க வேண்டும்.

உப்புமாவுக்கு ஒரு டம்ளர் அவலை வெறும் வாணலியில் சிறு தீயில் 5 நிமிடம், வாசம் வரும்வரை வறுக்கவும். ஆறியதும் மூழ்கத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, இட்லித் தட்டில் துணி போட்டு 10 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். ஒன்றை நசுக்கிப் பாருங்கள்; நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் 3 நிமிடம். பிறகு தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு கிளறினால் கட்டி தட்டும், பலர் சொதப்புவது இங்கேதான். தாளிப்பில் சேர்த்து ஒரு புரட்டு, அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்தால் போதும்.

கஞ்சியில் பசை நமக்குச் சாதகம். அரை டம்ளர் அவலுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், சேலத்தில் 12 நிமிடம். ஏற்காட்டில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் 5 நிமிடம் கூட ஆகும். குக்கரில் வைப்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி விசில் துளையை அடைக்கும். அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆறியபின் இறுகும் என்பதால் சற்று நீர்க்கவே இறக்கி, நன்றாக ஆறியதும் மோர் ஊற்றவும். சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும். சின்ன வெங்காயமும் பொடித்த ஏற்காட்டு மிளகும் இதற்கு அருமை.

அடைக்கு அரைக்கும்போது மொத்தத்தில் கால் பங்கு போதும். கூடினால் மாவு கல்லைப் பிடித்துக்கொள்ளும். நொறுக்கலில் பொரிக்குப் பதிலாகப் போடலாமா? வேண்டாம், பல்லுக்குக் கேடு.

கடையில் தினை, சாமைப் பக்கத்தில் இருந்தாலும் பார்லி சிறுதானியம் அல்ல. வாற்கோதுமை என்ற பேரே சொல்கிறதே. கோதுமையைப் போலவே இதிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு, அது ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. சேலத்து வெயிலில் வண்டு சீக்கிரம் விழும், அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் எப்படி வறுத்தாலும் போகாது.