ஒரு செட்டுக்கு மூன்று ரூபாய்

2019-இல் அம்மாவை அரசு மருத்துவமனையில் சேர்த்து 19 நாள் நான் துணைக்கு இருந்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக வந்திருந்த அக்காவுக்குக் கல்வராயன் மலைப் பக்கம் ஊர். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, மதியம் 5 ரூபாய் சாம்பார் சாதம் என்று பகலை ஓட்டிவிடுவார். ராத்திரிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், அதுவும் பாதி மறுநாளைக்கு. என் வீடு சேலம் அம்மாப்பேட்டை. தம்பி தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவான். பகிர்ந்து சாப்பிடக் கூப்பிட்டால், “எனக்கு ராத்திரியில பசிக்காதும்மா” என்பார். 19 நாளும் அதைத்தான் சொன்னார்.

அம்மா வீடு திரும்பிவிட்டார். அந்தப் பதில் மட்டும் என்னை விடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடியது. 2021-இல் ஒன்றை விற்றோம். நான் ஏதாவது செய்தே ஆக வேண்டிய நிலை. அப்போது தோன்றியதுதான் தட்டுவடை செட் வண்டி. விற்பதில் ஒரு பங்கு, மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்களின் ராத்திரிக் கஞ்சிக்கு என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கடை எடுக்காமல் வண்டி என்று முடிவு செய்ததற்கும் அதுதான் காரணம். செட் விற்கும் இடம் வேறு, பசியோடு ஆட்கள் இருக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் போக சக்கரம் வேண்டும்.

தட்டுவடை செட்டைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காக: இரண்டு தட்டுவடைக்கு, அதாவது சின்னத் தட்டைகளுக்கு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பக்கம் பச்சைச் சட்னி, மறுபக்கம் காரச் சட்னி. நின்றபடியே ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியது. வண்டியில் அடுப்பு எரிய வேண்டியதில்லை, முதல் குறைவு, சாயங்காலம் நாலு மணியிலிருந்து கூட்டம் வரும். புதிதாகத் தொடங்குபவருக்கு எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் எட்டு மாதம் தள்ளுவண்டிதான். இதை நான் அழுத்திச் சொல்வேன்: எடுத்த எடுப்பில் வேன் வாங்காதீர்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆள் வரும், மழைநாளில் எவ்வளவு குறையும், ஒரு கிலோ பீட்ரூட்டுக்கு எத்தனை செட் வரும் என்பதெல்லாம் தள்ளுவண்டியில் கற்றுக்கொண்டால் நஷ்டம் நூறு ரூபாய்க் கணக்கில் நிற்கும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு நான் பயந்த அளவுக்கு இல்லை. நான் எடுத்த 2022-இல் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் அப்போது வருடத்துக்கு 100 ரூபாய். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான ‘ஃபாஸ்காஸ்’ (FoSCoS) அரசு இணையதளத்தில் படம், அடையாளச் சான்று, என்ன விற்கிறோம் என்ற விவரம், அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்குச் சேர்த்து 500 கட்டினேன். ஒன்பதாம் நாள் சான்று வந்தது. பதிவு எண்ணைப் பார்வையில் படும்படி வண்டியில் ஒட்ட வேண்டும். உணவைத் தொடுகிறவர்களுக்கு மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். அதற்கு ஒரு காலைப்பொழுது போனது. இலவசமாகக் கொடுக்கும் கஞ்சியும் உணவுதான், அதற்கும் இதே சுத்தம், இதே பொறுப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வந்தது வண்டியில். மகளிர் குழுக் கடனும் என் வளையலை அடகு வைத்த பணமும் சேர்த்து, பழைய டாடா ஏஸ் ஒன்றை 1,90,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு பட்டறையில் விட்டு, பின்பக்கம் கூரையை உயர்த்தி, பக்கவாட்டை வெட்டித் திறப்பு வைத்து, மேடை பற்றவைத்தோம். “எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்கம்மா, ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார் பட்டறைக்காரர். நம்பினேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு சொல்கிறது. பதிவுச் சான்றில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால், முதலில் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய பிறகு அதைப் பதிவுச் சான்றிலும் ஏற்ற வேண்டும். வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கப் போன அன்றுதான் எனக்கு இது தெரிந்தது. உயர்த்திய கூரையைக் கழற்றி, வெட்டிய பக்கத்தைச் சரிசெய்து, பிறகு முறைப்படி விண்ணப்பித்து வண்டி ரோட்டுக்கு வர ஐந்து வாரமும் 14,000 ரூபாயும் ஆனது. அந்த ஐந்து வாரமும் வட்டி ஓடியது. ஒரு ராத்திரி தறிக்கட்டையில் உட்கார்ந்து அழுதேன். யாராவது வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் பட்டறைக்குப் போகும் முன் அலுவலகத்துக்குப் போங்கள். காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.

எரிவாயு விஷயத்தில் தப்பு செய்யவில்லை. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். கஞ்சியை வீட்டுக் கொல்லையில் அந்த அடுப்பில் காய்ச்சி, மூடி இறுகும் பாத்திரத்தில் ஏற்றுகிறோம். வண்டியில் சிலிண்டரே கிடையாது. கொடுத்து முடியும்வரை 60 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறேன்.

இனி, கொடுப்பதில் நான் செய்த தவறுகள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தள்ளுவண்டிக் காலத்தில், விற்றது போக மிஞ்சிய தட்டுவடையையும் காய்கறியையும் ராத்திரி ஒன்பது மணிக்கு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: “ஏம்மா, இது மிஞ்சுனதா, இல்ல எங்களுக்குனு செஞ்சதா?” எனக்கு வாய் வரவில்லை. துருவிய பீட்ரூட் ஐந்து மணி நேரமாக வெளியில் இருந்தது. அதை என் பிள்ளைக்குக் கொடுப்பேனா? மறுநாளிலிருந்து அதை நிறுத்தினேன்.

இரண்டாவது தவறு பணத்தில். மாதக் கடைசியில் லாபத்தில் மீதியிருப்பதை எடுத்துக் கஞ்சி போடுவது என்று வைத்திருந்தேன். மூன்று மாதம் மீதியே இல்லை. பள்ளிக் கட்டணம், டயர், ஒரு காதுகுத்து என்று ஏதாவது வந்து விழுங்கிவிட்டது. உணவில் மிஞ்சியது, பணத்தில் மிஞ்சியது, இரண்டையும் நம்பி யாருக்கும் சோறு போட முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் கஞ்சியைச் செட்டின் அடக்க விலைக்குள்ளேயே வைத்தேன். ஒரு செட் 30 ரூபாய். தட்டுவடை 7, காய்கறியும் சட்னியும் 8, பாக்குமட்டைத் தட்டு 1, டீசலும் உதவிக்கு வரும் பெண்ணின் கூலியும் 6. மீதி 8 ரூபாயில் 3 ரூபாய் கஞ்சி டப்பாவுக்கு. பீட்ரூட்டுக்குப் பணம் கொடுக்காமல் எப்படிச் செட் போட முடியாதோ, அப்படி இந்த மூன்று ரூபாயும். விற்றவுடன் டப்பாவில் விழுந்துவிடும். சாதாரண நாளில் 120 செட் போகும், 360 ரூபாய் சேரும். ஒரு பெரிய டம்ளர் கஞ்சிக்கு 12 ரூபாய் ஆகிறது. அப்படியென்றால் முப்பது பேருக்கு.

கஞ்சி எளிமையானதுதான். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் வாங்கும் நொய்யரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், இறக்கும்போது தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையல். நோயாளிக்கு இதைக் கொடுக்காதீர்கள், டாக்டர் சொல்வதைக் கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் ஊற்றுவோம். இது துணைக்கு இருப்பவர்களுக்கு. எவர்சில்வர் டம்ளர், இல்லையென்றால் அவர்களே கொண்டுவரும் பாத்திரம். 2019 ஜனவரியிலிருந்து மாநிலத்தில் தடையிலிருக்கும் பிளாஸ்டிக் டம்ளர் பக்கம் போகவே இல்லை.

முதல் வாரம் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். ஓசி என்றால் கௌரவமுள்ளவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், நானும் நின்றிருப்பேன். வண்டியின் ஓரத்தில் ஒரு தகர டப்பா வைத்தோம். முடிந்தவர்கள் போடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். போட்டுவிட்டு வாங்குகிறோம் என்று வந்தபிறகு வரிசை தானாக நீண்டது. பிறந்தநாளுக்கு ஒரு நாள் கஞ்சிச் செலவை ஏற்கிறேன், படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். பணமே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். துணைக்கு இருப்பவர்கள் முகத்தைக் காட்டி எனக்கு எதுவும் வேண்டாம்.

தட்டுவடையை எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் சுட்டு வாங்குகிறேன். முன்பு அவர்கள் பழைய எண்ணெயிலேயே புதிது ஊற்றி ஓட்டுவார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. கறுத்து நுரை கட்டியதும் மாற்றச் சொல்லி, அதற்காகத் தட்டுவடைக்கு விலையும் கூட்டிக் கொடுத்தேன். விலையைக் கூட்டாமல் புத்தி மட்டும் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காய்கறி அம்மாப்பேட்டை உழவர் சந்தையில், விடியற்காலையில்.

நிற்கும் இடம்தான் இன்னும் தீராத பிரச்சினை. ஒரே வருடத்தில் மூன்று இடம் மாறிவிட்டேன். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு நடத்தி, விற்பனைச் சான்று கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஓர் அலுவலகத்தில் என் மனுவை மூன்று முறை வாங்கி வைத்தார்கள். நான்காம் முறை ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கினேன். முதல் முறையே கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்துக்கு வண்டியை ஓட்டிப்போகிறோம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிறவர்கள் பசியோடு வருகிறார்கள். மே மாதம் கோடை விழாச் சமயத்தில் 250 செட்கூடப் போயிருக்கிறது. அப்போது கஞ்சி டப்பாவில் கூடுதலாகச் சேரும் பணம்தான் ஐப்பசி மழைநாட்களுக்கு. போன ஐப்பசியில் தொடர்ந்து நான்கு நாள் 40 செட்டுக்கு மேல் போகவில்லை. ஆனாலும் நான்கு நாளும் முப்பது டம்ளர் ஊற்றினோம். நான்காம் நாள் ராத்திரி மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து, டப்பாவில் இரண்டு ரூபாய் போட்டுவிட்டு, “இன்னைக்கு வரமாட்டீங்கனு நெனச்சேன்க்கா” என்றாள். தூக்கை வாங்கி, விளிம்புவரை ஊற்றினேன்.