ஒன்னும் இல்ல பாட்டி

பினாங்கில் எக்ஸ்ரே பிரிவில் எனக்கு அது இரண்டாவது வருடம். ஒரு சனிக்கிழமை மாலை, பிறையிலிருந்து ஒரு பாட்டி பேரனை அழைத்து வந்திருந்தார். ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன். பந்து விளையாடும்போது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. உள்ளங்கையைப் பதித்து வைக்கச் சொன்னால் விரல் நுனிகளை மட்டும் வைத்தான்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். எலும்பில் கீறல்கூட இல்லை. பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னும் இல்ல பாட்டி, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. படம் எடுப்பதுதான் என் வேலை. அதைவிட, பிள்ளைகளின் எலும்பில் 'ஒன்றும் இல்லை' என்று படம் சொல்வதே பாதிதான். எலும்பு நீளமாக வளர்வது அதன் நுனியருகே உள்ள வளர்ச்சித் தட்டில். அது குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் வெறும் கறுப்பு இடைவெளியாகத்தான் விழும். புதிதாக வரும் பயிற்சியாளர்கள் அந்த இடைவெளியையே முறிவு என்பார்கள். நிஜமாக முறிந்ததை விட்டுவிடுவார்கள். சால்டர், ஹாரிஸ் என்ற டொராண்டோ மருத்துவர்கள் இருவர் 1963-இல் இந்தக் காயங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் தட்டு மட்டும் பிளந்திருக்கும். நுனி இடம் மாறாவிட்டால் படம் சுத்தமாக இருக்கும். அழுத்தினால் சரியாக அந்த இடத்தில் வலிக்கும், அவ்வளவுதான் சாட்சி.

டாக்டர் அழுத்திப் பார்த்திருக்கிறார், கட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார். வீட்டுக்குப் போன பாட்டி, எக்ஸ்ரே தம்பியே ஒன்றும் இல்லை என்றுவிட்டாரே என்று கட்டை அவிழ்த்துவிட்டு, சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவ வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். இந்த முறை, முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஆர எலும்பின் ஓரத்தில், தட்டுக்குச் சற்று மேலே, பென்சிலால் இழுத்தது போல மெல்லிய வெள்ளை. புது எலும்பு. ஆறுகிற எலும்பு தானே எழுதிய வாக்குமூலம். நல்லவேளை, எதுவும் நகரவில்லை.

எம்ஆர்ஐயில் குருத்தெலும்பே தெரியுமே என்று கேட்பார்கள். தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு பிள்ளையை அரை மணி நேரம் அசையாமல் படுக்க வைத்துப் பாருங்கள். சின்னதுகளுக்கு மயக்க மருந்தே கொடுக்க வேண்டிவரும். எல்லா மணிக்கட்டுக்கும் அது தேவையும் இல்லை. மணிக்கட்டில் வளர்ச்சி நின்றுபோவது அபூர்வம். முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்த்தட்டு என்றால்தான் எங்களுக்கே பயம்.

இருந்தாலும் ஆர எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 75 விழுக்காடு மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்துதான் வருகிறது. அதனால் ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். வந்தான், கொஞ்சம் உயர்ந்திருந்தான். இந்த முறை உள்ளங்கையை முழுசாகப் பதித்தான். படத்தில் தட்டுக்குச் சற்றுத் தள்ளி, அதற்கு இணையாக ஒரு வெள்ளைக் கோடு. அடிபட்டபோது வளர்ச்சி கொஞ்சம் தயங்கி, பிறகு நகர்ந்துபோன தடம். அது சாய்ந்து தட்டில் முட்டினால்தான் கவலை. இது சாயவில்லை.

"என்னா தம்பி, எப்படி இருக்கு?" என்றார் பாட்டி.

"டாக்டர் சொல்லுவாரு பாட்டி."

"அன்னைக்கு மட்டும் வாயத் தொறந்தீங்க?"