ஃபார்மேட் ஆன கார்டும் சிரசுத் திருவிழாப் படங்களும்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருஷத்துக்கு ஒருமுறை, வைகாசி முதல் நாள்தான். படம் தொலைந்தால் அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டும். அக்கா மகன் படமெடுத்த 32 ஜிபி மெமரி கார்டை, கூட வந்தவர் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டார். போனில் நான் முதலில் கேட்டது, "அதுக்கப்புறம் அதுல ஏதாவது எடுத்தியா?" "இல்ல மாமா, கழட்டி வச்சிட்டேன்." அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கேமரா செய்யும் ஃபார்மேட்டில் பெரும்பாலும் கோப்புப் பட்டியல் மட்டுமே போகும். மேலே வேறு எதுவும் எழுதாதவரை படங்கள் கார்டிலேயே கிடக்கும். கணினியின் எஸ்எஸ்டி டிரைவில், அழித்த இடத்தைக் காலியாக்கிவிடும் ட்ரிம் கட்டளை ஓடிவிட்டால் இந்த நம்பிக்கை வேண்டாம்.

காட்பாடிக்கு கார்டைக் கொண்டுவந்தான். புதிதாக எதுவும் எழுதாதபடி ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிட்டு லினக்ஸ் லேப்டாப்பில் செருகினேன். எந்த டிரைவ் எது என்று அளவை வைத்துச் சரிபார்த்தேன். நகலெடுக்கப் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நிரல்; அதன் கட்டளையில் மூலம் முன்னால், சேமிக்கும் இடம் பின்னால். மாற்றி அடித்தால் இருப்பதும் போய்விடும். முழு கார்டையும் அப்படியே நகலாக, ஒரே இமேஜ் கோப்பில் எடுத்துக்கொண்டு கார்டைக் கழற்றி அவனிடமே கொடுத்தேன். இதைத் தவிர்த்துவிட்டு நேராக கார்டிலேயே மீட்கப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் அந்த இமேஜில் போட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டினேன். அது கோப்புப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் (FF D8 FF) என்ற பைட்டுகளில் தொடங்கும், அந்த அடையாளத்தைத் தேடிப் போகும். கோப்பு வகைப் பட்டியலில் 'எஸ்' அழுத்தி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஜேபெக்கையும் வீடியோவையும் மட்டும் குறித்தேன். சேமிக்கும் ஃபோல்டரில் போய் 'சி' அழுத்தியதும் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பழைய பெயர் எதுவும் திரும்பாது. எஃப் என்ற எழுத்தும் எண்ணுமாக வந்து விழும். 'டி' (t) என்று தொடங்குபவை படத்துக்குள் இருக்கும் சின்ன முன்னோட்டப் படங்களான தம்ப்நெயில்கள், அவற்றை ஒதுக்கிவிடலாம். எக்ஸிஃப்டூல் என்ற நிரலைக் கொண்டு, படத்துக்குள் பதிந்திருக்கும் படமெடுத்த தேதி நேரத்தையே பெயராக்கினேன். ஊர்வலம் வரிசையாக வந்து நின்றது. சில படங்களில் மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் நிறம்.

வீடியோக்கள் பல ஓடவில்லை. துண்டு துண்டாக எழுதப்பட்டவற்றை போட்டோரெக்கால் பெரும்பாலும் சேர்க்க முடியாது. இமேஜ் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன், வேறு கருவியில் முயன்று பார்க்க வேண்டும்.