பூச்சி கடித்தால் வலிக்க வேண்டும் என்று இல்லை

அக்டோபர் 12, 2024

நேற்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ராத்திரி பத்தரைக்கு வந்ததும் மோட்டார் போட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கு மடை மாற்றப் போனேன். "பூச்சி பொட்டு இருக்கும், லைட்டை எடுத்துட்டுப் போ கண்ணு" என்று அம்மா வழக்கம்போலச் சொன்னாள். எங்கள் காங்கேயம் பக்கத்தில் இருட்டிய பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வரப்பில் பாதி தூரம் போயிருப்பேன். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்தச் சத்தம். நின்று வெளிச்சம் அடித்தால் மூன்றடி தள்ளிக் கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி கறுப்பு வளையங்கள், நடுவில் பழுப்பு. உடம்பு தடிமனாக இருப்பதால் பலர் இதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கிட்டே போய்விடுகிறார்கள். நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. பின்னாலேயே அடி வைத்து வந்து, வேறு வரப்பில் சுற்றிப் போய் மடையை மாற்றினேன்.

"அடிச்சியா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லீங்கப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடிக்கப் போகிற நேரத்தில்தான் பலருக்குக் கடி விழுகிறது.

அக்டோபர் 17

பக்கத்துத் தோட்டத்தில் ஆறடி சாரையை அடித்து வேலியில் போட்டிருக்கிறார்கள். விஷமே இல்லாத பாம்பு. தட்டுப்போரில் எலி தின்றுகொண்டிருந்தது. மனசு ஆறவில்லை.

அக்டோபர் 25

கடலைக்காய் பறிப்பு. காலை ஒன்பது மணி இருக்கும், கொடி பிடுங்கிக்கொண்டிருந்த அக்கா கையை உதறினார். "முள்ளு குத்திருச்சுங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் கொடிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம், சுட்ட தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது. உடம்பை வளைத்துச் செதிலோடு செதில் உரசித்தான் அந்தச் சத்தத்தை எழுப்புகிறது.

மச்சான் துண்டைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட ஓடி வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையே போய்விடும். வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றினோம். ஒரு பட்டைக் குச்சியை வைத்துக் கையை ஆடாமல் தளர்வாகக் கட்டி, காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குப் போனோம். வழியில் ஒருவர் போன் செய்து, மந்திரம் சொல்லி விஷத்தை இறக்கப் பாடம் போடுகிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், முதலில் அங்கே போங்கள் என்றார். கேட்டதும் கோபம்தான் வந்தது.

அங்கே கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் இருபது நிமிடம் வைத்தார்கள். அப்புறம் சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவில்லை. விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. இந்த முறை உறைந்திருந்தது. அந்தக் குழாயைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நவம்பர் 3

தீபாவளிக்கு வந்த தங்கை இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அவள் மகள் தண்ணீர் கேட்டு எழுந்தாள். நாங்கள் படுக்கும் கூடத்தில், ஆசாரத்தில், லைட் போட்டேன். பாய்க்குப் பக்கத்தில், சுவரோரமாக, பளபளவென்று கறுப்பாக ஒன்று. கழுத்துப் பக்கம் வெறும் கறுப்பு. நடு உடம்பிலிருந்து வால் வரை மெல்லிய வெள்ளைக் கட்டுகள். விஷமில்லாத ஓலைப்பாம்புக்கு இது தலைகீழ்: கழுத்தருகே பட்டை எடுப்பாக இருக்கும், வால் பக்கம் மங்கிப்போகும். இது கட்டுவிரியன்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். "அதுதான் போயிருச்சே, புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே" என்றார்கள் எல்லோரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை, காரணம் என் சித்தப்பா.

1989. எனக்கு ஒன்பது வயது. இதே ஆசாரத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தார். இஞ்சி தட்டிச் சாறு கொடுத்தார்கள். இமை கீழே இறங்கியது. தூக்கக் கலக்கம் என்றார்கள். அப்புறம் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. கார் கிடைப்பதற்குள் பத்து மணி. போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மத்தியானம் அவருடைய பாயைச் சுருட்டும்போதுதான் உள்ளே இருந்து அது வெளியே வந்தது. உடம்பில் கடித்த தடம்கூடத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி பல நேரம் எறும்புக்கடி அளவுக்குக்கூட வலிக்காது. விஷம் நரம்பைப் பிடிக்கும், மூச்சுவிடும் தசை ஓய்ந்துபோகும். விஷமுறிவு மருந்தும், சில நாளைக்கு அவருக்காக மூச்சுவிட ஓர் இயந்திரமும் இருந்திருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பார்.

அதனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம். டாக்டர் அவளை மேலே பார்க்கச் சொன்னார், இமை தொங்குகிறதா என்று பார்க்க. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். மணிக்கு ஒரு தடவை இதே சோதனை, நாள் முழுக்க. அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "மாமா, நான் இருபத்தி ரெண்டு வரைக்கும் போனேன்!"

நவம்பர் 4

கடி இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நவம்பர் 10

பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பேப்பரை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் மிகப் பலர் ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காதவர்கள். என் சித்தப்பா எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பி போன பிறகும் இத்தனை வருடமாக அதே இடத்தில் பாயில்தான் படுப்பார், கட்டில் வேண்டாம் என்பார். சாயங்காலம் அட்டாலியிலிருந்து பழைய கயிற்றுக் கட்டிலை இறக்கச் சொன்னார். கயிறு தொங்கியிருந்தது, தானே உட்கார்ந்து இறுக்கினார். அம்மா கொசுவலையைக் கட்டி, நாலு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகினாள்.

இப்போது மணி ஒன்பதரை. அப்பா அதில்தான் படுத்திருக்கிறார்.