பென் வெப்ஸ்டர் தெரு, மூன்றாம் மாடி

வாடகை ஒப்பந்தத்தில் முகவரியைப் பார்த்ததும், அகராதிக்காரர் பெயரில் தெரு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கல்லூரிக் காலத்தில் வாங்கிய தடித்த வெப்ஸ்டர் அகராதி இன்னும் கும்பகோணம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. தூரதேசத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற அற்ப சந்தோஷம்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கு வந்தது 2022 அக்டோபர் கடைசியில். இரண்டு வருஷ ஒப்பந்த வேலை. வீடு கிடைத்தது நகரின் தெற்கே, சிட்ஹவ்ன் என்கிற பழைய துறைமுகப் பகுதியில். அப்போது மெட்ரோ இன்னும் வரவில்லை. எங்கு பார்த்தாலும் பள்ளமும் பச்சை வேலித் தகரமும்தான். பழைய குடியிருப்புப் பக்கம் தெருக்களுக்கு மோட்ஸார்ட், பீத்தோவன், வாக்னர் என்று பெயர். தண்ணீர் ஓரமாகப் புதிதாக எழும்பிய கட்டடங்கள் பக்கம் வந்தால் டெக்ஸ்டர் கார்டன், கென்னி ட்ரூ, தாட் ஜோன்ஸ், எர்னி வில்கின்ஸ், பென் வெப்ஸ்டர். இந்த ஐந்து பேரும் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து குடியிருந்த ஜாஸ் கலைஞர்கள் என்பது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அதுவும் ஒரு மஞ்சள் அட்டையால்.

இனிஷியல் போட்டுப் பழகியவனுக்குக் குடும்பப்பெயர் கேட்கும் நாடு பெரிய தலைவலி. அப்பா பெயரைக் குடும்பப்பெயராக எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அரசாங்கக் கடிதமெல்லாம் அப்பாவுக்குத்தான் வருகிறது. தபால் பெட்டியிலோ என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். டாக்டரைப் பார்க்கவும் நூலகத்தில் புத்தகம் எடுக்கவும் வேண்டிய அந்த மஞ்சள் மருத்துவ அட்டை வந்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. பெட்டி முன்னால் விழித்துக்கொண்டு நின்றபோதுதான் எதிர்வீட்டுப் பாட்டி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே பேனாவால் அப்பா பெயரையும் சேர்த்து எழுதினார். பேச்சுவாக்கில் நான் அகராதி கதையைச் சொல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அகராதியா? சாக்ஸபோன்!"

எனக்குச் சாக்ஸபோன் என்றால் கல்யாண வரவேற்பு. கத்ரி கோபால்நாத் கேசட் ஓடாத மண்டபம் உண்டா? அவருடைய அப்பா நாகஸ்வரக்காரர். பையன் மைசூர் அரண்மனை பேண்டில் இந்தக் கருவியைக் கேட்டுவிட்டு இதைத்தான் வாசிப்பேன் என்று நின்றவர். அதனால் சாக்ஸபோன் நம்முடையது என்ற நினைப்பு எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. பாட்டி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.40க்கே இருட்டிவிட்ட டிசம்பரில், பென் வெப்ஸ்டர் இசைத்தட்டைப் போட்டார். மெதுவான பாட்டு. சுரம் முடிந்த பிறகும் காற்று நிற்கவில்லை. புஸ்ஸ் என்று மூச்சு மட்டும் கருவிக்குள் கொஞ்ச நேரம் போய்க்கொண்டே இருந்தது, பேசி முடித்தவர் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருப்பது போல. இது கல்யாணத்தில் வாசிக்கிற சாக்ஸபோன் இல்லை என்று மட்டும் புரிந்தது.

பாட்டிக்கு உண்மையில் பிடித்தவர் டெக்ஸ்டர் கார்டன். 1964இல் பாட்டிக்குப் பதினெட்டு வயது. ஸ்டோர ரெக்னகேத தெருவில் இருந்த மோன்மார்த்ர ஜாஸ் விடுதிக்கு வீட்டுக்குத் தெரியாமல் போவாராம். ஆறரை அடி ஆள் மேடை ஏறி, வாசிக்கப்போகும் பாட்டின் வரிகளை முதலில் நிதானமாக வாயால் சொல்வாராம், கவிதை மாதிரி. வாசித்து முடித்ததும் சாக்ஸபோனைப் படுக்கைவாட்டில் இரண்டு கையிலும் தாங்கி, கூட்டத்தை நோக்கி நீட்டுவாராம். கைதட்டு எனக்கில்லை, இதற்கு என்பது போல. பாட்டி சோபாவிலிருந்து எழுந்து துடைப்பக் குச்சியை வைத்து அதைச் செய்து காட்டினார். பக்கத்தில் பாஸ் என்கிற பெரிய நரம்புக் கருவி வாசித்த நீல்ஸ் ஹென்னிங் எர்ஸ்டெட் பெடர்சனுக்கும் அப்போது பதினெட்டுதான். "எல்லாப் பெண்களும் டெக்ஸ்டரைப் பார்ப்பார்கள். நான் அந்தப் பையனைப் பார்ப்பேன்" என்றார்.

டெக்ஸ்டர் ஏன் இங்கே வந்தார் என்பதை அப்புறம் நானே தேடிப் படித்தேன். லாஸ் ஏஞ்சலஸ்காரர், 1923இல் பிறந்தவர். அப்பா டாக்டர், பெரிய ஜாஸ் குழுத் தலைவரான டியூக் எலிங்டன் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். பையன் 1940இல், பதினேழு வயதில், லயனல் ஹாம்ப்டன் குழுவில் சேர்ந்தான். பிறகு ஹெராயின், ஐம்பதுகளில் சிறை. வெளியே வந்து நல்ல இசைத்தட்டுகள் போட்டுக்கொண்டிருந்தபோதும் நியூயார்க் இரவு விடுதிகளில் அவரால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. காரணம் ஒரு அட்டை. அந்த ஊரில் மது விற்கும் விடுதியில் வேலை செய்யப் போலீஸ் தரும் அனுமதி அட்டை வேண்டும். போதைப்பொருள் வழக்கு இருந்தால் கிடைக்காது. 1967 வரை இந்த வழக்கம் இருந்திருக்கிறது. சொந்த நாட்டுக்காரருக்கு, சொந்த நாட்டில், வேலை அனுமதி இல்லை! வேலை அனுமதி அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிற எனக்கு, அந்தப் பத்தியைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது.

1962இல் லண்டனில் வாசிக்க வந்தவர், அப்படியே கோபன்ஹேகனுக்கும் வந்தார். வந்தது கொஞ்ச நாளைக்கு. இருந்தது 14 வருஷம். வால்பி பகுதியில் வீடு, டேனிஷ் மனைவி, ஒரு மகன். மகனுக்கு பெஞ்சமின் என்று பெயர், பென் வெப்ஸ்டர் நினைவாக. சைக்கிளோடு அவர் இருக்கும் படங்களை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு உயரத்துக்கு எங்கே சைக்கிள் பிடித்தாரோ. நான் ஐந்தரை அடி. முதல் வாரமே, நிற்கப்போகிறேன் என்று கையைத் தூக்காமல் சடாரென்று பிரேக் போட்டு, பின்னால் வந்த மூன்று பேரிடம் திட்டு வாங்கினேன். திட்டு என்பது முகத்திலிருந்து தெரிந்தது, பாஷை அப்போது புரியாது.

டெக்ஸ்டர் அந்தப் பாஷையையும் கற்றுக்கொண்டார். டேனிஷ் கற்பது பற்றித் தனியாக ஒரு புலம்பலே எழுதலாம். எழுதுவது ஒன்று, சொல்வது வேறு. தெருவுக்கு 'வை' என்பார்கள். எழுத்தில் பார்த்தால் அப்படி வாசிக்க எந்த முகாந்திரமும் இருக்காது. 'ரெல்குரெல் மெல் ஃப்லெல' என்று என் காதில் விழுகிற ஒரு பழக்கூழின் பெயரைச் சொல்லச் சொல்லி வெளிநாட்டுக்காரர்களைச் சோதிப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு. நமக்கு ழ வருமே, இது என்ன பிரமாதம் என்று இறங்கினேன். ழ கொஞ்சமும் உதவவில்லை. அவர்களுடைய அந்த மெல்லிய 'த' நாக்கை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கச் சொல்கிறது. பாட்டிதான் வாயைத் திறந்து நாக்கைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவருக்குத் 'தமிழ்' சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அந்தச் சொல் அவருக்கு முன்பே தெரிந்ததுதான். எண்பதுகளில் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைத் தடுத்துவைத்த விவகாரத்தில், 1993இல் இங்கே ஒரு அரசாங்கமே பதவி விலகியது. இந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது நினைவிருக்கிறது.

சரி, பென் வெப்ஸ்டர். கன்சாஸ் சிட்டியில் 1909இல் பிறந்தவர். 1940 முதல் 43 வரை எலிங்டன் குழுவில் வாசித்துப் பெயர் வாங்கியவர். அவரை அம்மாவும், பாட்டி முறையான இன்னொரு பெண்மணியும் சேர்ந்து வளர்த்தார்கள். இருவரும் இறந்த பிறகு, 1964 கடைசியில் கப்பலேறிவிட்டார். திரும்பிப் போகவேயில்லை. லண்டன், கோபன்ஹேகன், நடுவில் சில வருஷம் ஆம்ஸ்டர்டாம், 1969இல் மறுபடியும் கோபன்ஹேகன். குடி உண்டு. குடித்தால் முரடர், அதற்கென்றே பட்டப்பெயர் இருந்தது. குடிக்காத நேரத்தில் அவ்வளவு சாது என்று பாட்டி அடித்துச் சொல்கிறார். இதை நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் அந்த இசைத்தட்டில் கேட்ட மூச்சு, சாதுவான ஆளுடையதுதான்.

டெக்ஸ்டர் 1976இல் திரும்பிப் போனார். நியூயார்க்கில் வரிசையில் நின்று கேட்டார்கள். பத்து வருஷம் கழித்து ஒரு திரைப்படத்தில், பாரிஸில் வாழும் சாக்ஸபோன் கலைஞராக நடித்து, ஆஸ்கருக்கே பரிந்துரைக்கப்பட்டார். வெப்ஸ்டர் 1973 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அஸ்தி இங்கே நோர்ரப்ரோவில், அசிஸ்டென்ஸ் கல்லறையில் இருக்கிறது. அவருடைய இசைத்தட்டு வருமானத்தை வைத்து நடக்கும் அறக்கட்டளை வருஷாவருஷம் ஜாஸ் கலைஞர்களுக்குப் பரிசு கொடுக்கிறது. இரண்டு பேரில் யார் சரி என்று பாட்டியிடம் கேட்டேன். "டெக்ஸ்டரைக் கூப்பிட ஆள் இருந்தது" என்றார்.

என்னைக் கூப்பிட ஆள் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை. ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள் என்று சொன்ன அன்றிலிருந்து அம்மாவின் முதல் கேள்வி எப்போது திரும்பி வருவாய் என்பதுதான்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அசிஸ்டென்ஸுக்குப் போனேன். பெரிய மரங்கள், நீள நடைபாதை. ஒரு ஜோடி போர்வை விரித்துப் படுத்திருந்தது, ஒருத்தி தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைக் கதை எழுதிய ஆண்டர்சன், தத்துவக்காரர் கீர்க்ககார்ட் எல்லோரும் இங்கேதான். வெப்ஸ்டர் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து நின்றபோது அம்மா வீடியோவில் வந்தார்.

"பச்சைப்பசேல்னு இருக்கே, என்னடா அது, பார்க்கா?"

"இல்லம்மா, கல்லறை. எங்க தெருக்காரர் ஒருத்தர் இங்க இருக்கார்."

அம்மா முகம் திரையிலிருந்து போய், மின்விசிறி தெரிந்தது. மறுபடி வந்தார்.

"சுடுகாட்டுல நின்னுக்கிட்டா போன் பேசுற? முதல்ல வீட்டுக்குப் போ. தலைக்குக் குளிச்சிட்டு அப்புறமா கூப்பிடு."