மூணு மணிக்கு வந்த போன்

நான் ஜெனரல் வார்டு இன்சார்ஜா இருந்தப்போ, நைட் டியூட்டி பாத்த பொண்ணு விடியக்காலை மூணு மணிக்கு போன் பண்ணி "சிஸ்டர், பெரிய தப்பு பண்ண இருந்தேன்"னு சொல்லிட்டு ஒரே அழுகை. செஃப்ட்ரியாக்சோன்னு ஒரு ஆன்டிபயாடிக் பவுடரைக் கலக்க டிஸ்டில்டு வாட்டர் எடுக்கப் போனவ பக்கத்துல இருந்த பொட்டாசியம் குளோரைடை உடைச்சு சிரிஞ்சுல எடுத்துட்டா, ரெண்டுமே 10 மில்லி பிளாஸ்டிக் ஆம்பியூல் (சின்ன மருந்துக் குப்பி), ரெண்டும் தண்ணி மாதிரிதான் இருக்கும். பவுடர் இருக்கற மருந்து பாட்டில்ல ஏத்துறதுக்கு முன்னாடி லேபிளைப் படிச்சிருக்கா, அதனால பேஷண்டுக்குப் போகல. அந்த 15% பொட்டாசியம் ஆம்பியூலை டிரிப்ல கலந்து மணிக்கணக்குல மெதுவா விடணும், நேரா நரம்புல தள்ளினா இதயமே நின்னுடும்.

அதுக்கு முந்தின வருஷம் வேற ஒரு மருந்துத் தப்புக்கு ஒரு பொண்ணுக்கு நான்தான் மெமோ வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ஆறு மாசம் தப்பு நடந்தா எழுதித் தர்ற இன்சிடென்ட் ரிப்போர்ட் ஒண்ணு கூட வரல, வார்டு நல்லா நடக்குதுன்னு நம்பிட்டு இருந்தேன். தப்பெல்லாம் நடந்துட்டேதான் இருந்திருக்கும், எங்கிட்ட சொல்ல பயந்திருக்காங்க. இத நெனச்சா இன்னிக்கும் மனசு கனக்குது.

அதனால இந்த தடவை ஆறு மணிக்கே போய் "எப்படி எடுத்தன்னு அப்படியே செஞ்சு காட்டும்மா"ன்னு கேட்டேன். ட்ராலில ரெண்டும் ஒரே ட்ரேல, நடுவுல ஒரு அட்டை கூட இல்ல, பேஷண்டுங்க தூங்கறாங்கன்னு லைட்டை வேற அணைச்சிருந்தாங்க, ஒன்பதாம் பெட்ல ஒருத்தருக்கு மூச்சுத்திணறல், 14 பேருக்கு இவ ஒருத்திதான்.

அன்னிக்கே பொட்டாசியத்தை வார்டு ஸ்டாக்ல இருந்து எடுத்து ஃபார்மசிக்கு அனுப்பிட்டேன், வேணும்னா இன்டென்ட் (எழுதிக் கேக்கற சீட்டு) போட்டு வாங்கணும், ரெண்டு பேர் லேபிளை வாய்விட்டுப் படிக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2007லயே கவனமா வைக்கச் சொன்ன மருந்துதான் இது, நானே படிச்சு பரீட்சை எழுதியிருக்கேன், ஆனா என் ட்ராலில இருந்தது கண்ணுல படல.

இதப்பத்தி நடந்த மீட்டிங்ல முதல் கேள்வியே "யாரு பண்ணது?" "ட்ராலிக்குப் பொறுப்பு நான், என் பேரைப் போடுங்க சார்"னு சொல்லிட்டேன். அடுத்த மாசம் ஒன்பது ரிப்போர்ட் வந்துச்சு, பேஷண்ட் பேர் போட்ட கைப்பட்டை மாறினது, கட்டில் பக்கக் கம்பியை ஏத்தாம விட்டது, இன்சுலின் லேட்டானதுன்னு. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு நன்றி சொன்னேன்.

14 பேருக்கு ஒரு நர்ஸ்ங்கறது மட்டும் மாறல. நான் அங்க இருந்த வரைக்கும் மாசாமாசம் ரிப்போர்ட்ல முதல் வரியா அதத்தான் எழுதினேன்.